உடன் நிற்போர் கடன்

(புக்கிட் மேராவில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருந்தகை, தம் பெயரை மேடையில் எடுத்தோதி ஸ்தோத்திரம் செய்தல் ஆகாது என்றும், பேச வருபவர் எவராயினும் சபையோருக்கு உவப்பானதை மட்டும் பேசி விடைபெறலாகாது என்றும் இரு நிபந்தனைகளை எழுதிவைத்துச் சென்றதாக அறங்காவலர்கள் என்னிடம் கூறினார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றுவது சுலபம். இரண்டாவதன் பொருட்டே, சிங்கப்பூர்த் தமிழர் கூடும் சபைகளில் அபூர்வமாகவே பேசப்படுவதும், பேச்செடுத்தால் "அதெல்லாம் ஊரில், இங்கே ஏது?" என்னும் ஒற்றை வாக்கியத்தோடு மூடிவைக்கப்படுவதுமாகிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். தலித் மக்கள் நெடுங்காலமாக அனுபவித்துவரும் சாதிக் கொடுமையும், அக்கொடுமைக்கு ஆளாகாத குடும்பங்களிற் பிறந்தோர் அவர்களுடன் நிற்க வேண்டிய முறையுமே இன்றைய பொருள். நான் பிறந்த குடும்பம், நிலம் என்றும் கோயில் மரியாதை என்றும் பள்ளிக்கூடத்தில் முன்வரிசை என்றும் அவ்வமைப்பினால் தலைமுறை தலைமுறையாக லாபம் பெற்ற குடும்பம். ஆகையால் தலித் மக்களின் சார்பாகப் பேசும் அதிகாரம் எனக்கு இல்லை. என்னைப் போல் லாபம் பெற்றவர்களை நோக்கிப் பேசும் உரிமை மட்டும் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயருக்குச் செங்குன்று என்பது பொருள். கடற்கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைமரத் தண்டுகளால் தடுக்கும் உபாயம் சொன்ன சிறுவனை, அவன் அறிவுக்கு அஞ்சிய அரசன் கொல்வித்தான் என்றும், அவன் குருதியால் குன்று சிவந்தது என்றும் வழங்கும் கதையை உங்கள் பேரப்பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இவ்வட்டாரத்திற்குக் கதையில் ஏறாத ஒரு சரித்திரமும் உண்டு. இங்கிருந்து அதிக தூரமில்லாத அலெக்சாண்ட்ரா செங்கற்சூளையில் உழைத்துப் பிழைத்த தமிழ்த் தொழிலாளர் 1913ஆம் ஆண்டில் தங்களுக்கென்று ஒரு சிறு காளி சந்நிதி எழுப்பிக்கொண்டனர். அச்சந்நிதியே பிற்காலத்தில் இடம் பெயர்ந்து, 1983இல் குடமுழுக்குக் கண்டு, டிப்போ சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயமாக விளங்குகிறது. மற்றொரு பக்கம், ஸ்பூனர் சாலையில் ரயில்வே ஊழியர் குடியிருப்பு இருந்தது, அதற்கப்பால் துறைமுகம். சூளை, துறைமுகம், ரயில்பாதை, நகராட்சிச் சாலை, சாக்கடை என்று உடல் நோகச் செய்யும் வேலைகளுக்குத் தென்னாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களுள் ஆதிதிராவிடர் கணிசமானோர். இந்நகரத்தின் அஸ்திவாரத்தில் அவர்கள் வியர்வை இருக்கிறது என்று மேடைதோறும் சொல்லுகிறோம். அவர்கள் இன்னார் என்று சொல்லும்போது மாத்திரம் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளுகிறது.

கப்பலில் சாதி சற்றே தளர்ந்ததுண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறித் திறந்த தளத்தில் பிரயாணம் செய்தவர்கள், யார் பக்கத்தில் யார் படுப்பது என்று பார்க்க இடமில்லாமல் தோளோடு தோள் உரசியே வந்தனர். கரை இறங்கிய பின்னர்ப் பழைய ஒழுங்கு மறுபடியும் தலையெடுத்தது. காரணம் வெளிப்படை. ஆள் திரட்டிய கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமே திரட்டினான். ஆகவே அவன் கப்பலேற்றிக் கொண்டுவந்த கூட்டத்தோடு அவ்வூரின் மேலத்தெருவும் கீழத்தெருவும் சேரியும் கூடவே வந்து இறங்கின. மலாயாத் தோட்டங்களில் ஆதிதிராவிடருக்கு ஒரு லயமும் மற்றவர்க்கு ஒரு லயமுமாகப் பிரித்துவைத்த வழக்கம் இருந்தது. சாதியுணர்வு அங்கே எவ்வளவு ஆழமாக வேரோடிக் கிடந்தது என்பதை மலேசிய ஆய்வாளர் இராஜகிருஷ்ணன் ராமசாமி 1984இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்திருக்கிறார். சிங்கப்பூரைப் பற்றிய வரலாற்றை எழுதியவர் ஜான் சாலமன்; 1872 முதல் 1965 வரை இந்நாட்டில் தீண்டாமை படிப்படியாக மறைந்த வரலாறு என்று 2016இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் துணைத்தலைப்பிட்டார். படிப்படியாக என்ற சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், கடல் கடந்ததும் சாதி உப்புக்காற்றில் தானே கரைந்து போயிற்று என்று நம்முள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தானே கரையவில்லை. சிலர் பாடுபட்டுக் கரைத்தார்கள்.

அச்சிலர் யாவர் என்று கேட்டால், நம் விழா மலர்கள் சீர்திருத்தத் தலைவர்களின் பெயர்களைச் சொல்லும். அப்பெயர்கள் சொல்லத் தக்கவையே. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரிலும் பேசிச் சென்றார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. திருவாரூரிலிருந்து 1924இல் இங்கு வந்து சேர்ந்த கோ. சாரங்கபாணி 1935 ஜூலையில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கி, ஏழைத் தொழிலாளியும் வாங்கத்தக்கதாக ஒரு காசுக்கு விற்றார். மேடைச் சொல்லும் வீட்டுச் செயலும் வேறு வேறாக இருந்த சீர்திருத்தவாதிகள் அன்றும் மலிந்திருந்தனர். சாரங்கபாணி 1937இல் லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்மணியை மணந்து, சாதியை மட்டுமன்றி இனத்தையும் கடந்து தம் இல்லத்திலேயே பரீட்சித்துக் காட்டினார். 1952இல் அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், சமயமும் சாதியும் பாராது யாவரும் ஒரு பந்தலின்கீழ் அமரும் வழக்கத்தை உண்டாக்கிற்று. இவையெல்லாம் பெரும் உபகாரங்கள், சந்தேகமில்லை.

ஆயினும், காலவரிசையைச் சற்றே கவனியுங்கள். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக்கி இதழ் கண்டது 1907இல். நீதிக்கட்சிக்கும் சுயமரியாதை இயக்கத்திற்கும் முந்திய காரியங்கள் இவை. நம்முடைய ஒரு காசு முரசுக்கு 28 ஆண்டுகள் முந்தியது அந்த ஒரு பைசாத் தமிழன். சிங்கப்பூரிலும் ஆதிதிராவிடர் பிறர் வந்து கைதூக்கிவிடும் நாளை எதிர்நோக்கிக் கிடந்தாரில்லை. தமக்கென்று சங்கங்கள் கண்டு, தம் குறையைத் தாமே எடுத்துரைத்தனர். விழா மலர்களில் அவர்கள், தலைவர்களுக்குப் பின்னே பெயரின்றி நிற்கும் ஜனத்திரளாகவே காட்சியளிக்கின்றனர். உடன் நிற்க வந்தவர் முன்னே நிற்பவராகிவிடும் இந்த விபத்து எங்கும் நிகழ்வது. சாதி எதிர்ப்பின் சரித்திரத்திலும் மேல்வரிசை, கீழ்வரிசை உண்டானால், எதிர்த்ததுதான் என்ன?

இனி, சீர்திருத்தக்காரர் பலர் பல்லாண்டு பேசியும் நடவாத ஒன்றை, சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நடத்திக் காட்டிய ஒரு ஸ்தாபனத்தையும் சொல்ல வேண்டும். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி, இதோ பக்கத்திலுள்ள புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ, ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவராக்கிற்று. எரிந்த நிலத்திலும் அதைச் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன; பிறகு தீவெங்கும் எழுந்தன. வீடு கேட்டு விண்ணப்பித்தவனிடம் குமாஸ்தா சம்பளம் கேட்டான், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டான். என்ன சாதி என்று கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கினார்கள். எண் வந்தது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில், ஒரே கொட்டகையில் ஒதுங்கி வாழ்ந்த குடும்பம் ஏழாம் மாடியில் ஒரு சீனக் குடும்பத்துக்கும் ஒரு மலாய்க் குடும்பத்துக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது. மின்தூக்கியில் மேலத்தெருவுக்கு ஒரு கதவு, கீழத்தெருவுக்கு ஒரு கதவு என்று வைக்கவில்லை. தமிழ்நாட்டில் இன்றளவும் ஊர் வேறு, காலனி வேறு என்று நிலத்தின் மீதே எழுதிவைத்திருக்கும் கோட்டை இந்நாடு இவ்விதம் அழித்தது.

ஆனால், வீட்டைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கலாம். மருமகளை அவ்விதம் ஒதுக்க இயலுமா? வீட்டுக்கு வெளியே அழிந்த கோடு வீட்டுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது. திருமண விளம்பரங்களை வாசிக்கும் பழக்கமுடையவர்கள் அறிவார்கள்: "சாதி தடையில்லை" என்று பெருந்தன்மையோடு ஒரு வரி; அடுத்த வரியிலேயே "எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக". தடையில்லாத கதவுக்கு இத்தனை பெரிய பூட்டு! விளம்பரத்தில் எழுதக் கூசுவோர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து வாய்மொழியாக நடத்திக்கொள்ளுகிறார்கள். "எங்களுக்கு அதெல்லாம் பாக்குறதில்லம்மா, ஊர்ல பெரியவங்க ஒத்துக்கணுமில்ல, அதான்" என்று சொல்லும் தாயாருக்கு ஊரில் இருக்கும் பெரியவர் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார். இல்லாத பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னே நின்று பேதம் பாராட்டும் இக்கலையில் நாம் வல்லவராகிவிட்டோம்.

இந்நாட்டுப் பிரஜைகளின் நிலை இதுவானால், தற்காலத்தில் வேலைக்கு வருவோர் நிலை இன்னும் நுட்பமானது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தித்துப் பேசும் இளைஞர்களுள் ஒருவர், பெயரும் மாவட்டமும் சொல்வது முறையன்று, தம்முடன் அறையில் தங்கியிருந்தவர் தம்மை விசாரித்த வரலாற்றைச் சொன்னார். ஊர் எது என்றதற்கு, இவர் வழக்கப்படி அருகிலுள்ள பட்டணத்தின் பெயரைச் சொன்னார். கேட்டவர் விடவில்லை. "டவுன்லயா? எந்தப் பக்கம் தம்பி?" "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கொஞ்சம் உள்ள போகணும்ண்ணே." "பக்கத்து ஊரா? அங்க அம்மன் கோயில் தேர் பிரசித்தமாச்சே. தேர் உங்க தெரு வழியா வருமா?" இக்கேள்வியின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். சாதி என்னும் சொல்லே அதில் இல்லை, பக்தி மணக்கிறது. ஆனால் ஊரறிந்த உண்மை, தேர் சேரிக்குள் திரும்புவதில்லை. வரும் என்றால் பொய். வராது என்றால் மறுநாள் முதல் சமையலுக்குக் கூட்டுச் சேர்க்கமாட்டார்கள். இளைஞர், "நாங்க தேர் பாக்க டவுனுக்குப் போயிடுவோம்ண்ணே" என்று சொல்லித் தப்பித்ததாகச் சிரித்துக்கொண்டே கூறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணி நேரம் வெயிலில் உழைத்து வந்த ஒருவன், இரவில் கட்டிலில் அமர்ந்தும் இப்படி விழிப்பாக இருக்க வேண்டுமானால், அவனுக்கு ஓய்வு என்பது எப்போது? "இங்கே சாதி இல்லை" என்னும் வாக்கியத்தைச் சொல்லும் சௌகரியம், எதையும் மறைக்கத் தேவையில்லாதவனுக்கே உண்டு.

அந்த அறையில் வேறு அறுவர் இருந்தனராம். அவர்களுள் ஒருவராவது, "தேர் எந்தத் தெருவுல போனா உனக்கென்னண்ணே?" என்று கேட்டிருந்தால் விசாரணை அத்தோடு முடிந்திருக்கும். கேட்டவர் இல்லை. உடன் நிற்றல் என்று நான் கூறுவது, ஆடம்பரமெல்லாம் கழித்த பின், இதைத்தான். இதைச் சொல்வதற்கு அந்த இளைஞரால் இயலாது. சொன்னால் அதுவே சாட்சியாகிவிடும். மற்ற அறுவரால் இயலும்.

உடன் நின்றவர்கள் நம் சரித்திரத்தில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் வரலாறுகளுள் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது மதுரைச் சம்பவம். 1939 ஜூலை 8ஆம் தேதி, வழக்கறிஞரும் தமிழ்நாடு அரிஜன சேவக் சங்கத் தலைவருமாகிய அ. வைத்தியநாதையர், ஆதிதிராவிடர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். அந்நாளில் அது சட்டப்படி வழக்குத் தொடுக்கத்தக்க செயல். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். பட்டர்கள் கோயில் தீட்டுப்பட்டதென்று பூசை செய்ய மறுத்தனர். சனாதனிகள் வழக்காடினர். சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜியின் அரசாங்கம், பிரவேசத்தை அனுமதித்த அதிகாரிகளுக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டத்தை அதே மாதம் 17ஆம் தேதி பிறப்பித்தது. சட்டம் வந்தபின் அவர்கள் நடக்கவில்லை. அவர்கள் நடந்தபின் சட்டம் ஓடிவந்தது.

இச்சம்பவத்தில் மூன்று விஷயங்கள் கவனிக்கற்பாலன. வைத்தியநாதையர் செலவிட்டது தம் சொந்தக் கையிருப்பை. சொந்த சமூகத்தாரின் பகிஷ்காரம், பந்துக்களின் ஏச்சு, தொழிலில் இடையூறு என்று அதன் விலையை அவரே கொடுத்தார். அவர் அழுத்திய இடமும் அவருக்கு உரிமையுள்ள இடமே: தாம் தடையின்றிச் செல்லும் வாசலை, தடையுள்ளவருக்கும் திறக்கச் செய்தார். நாயுடுவும் அவ்வாறே, அதிகாரியின் கையில் இருந்தது சாவி, அதைத் திறப்பதற்குப் பயன்படுத்தினார். இவ்விரண்டையும் நாம் போற்றுகிறோம். மூன்றாவதை மறந்துவிட்டோம். அன்று உள்ளே சென்ற கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து, சண்முக நாடார் ஆகியோருள், பிற்காலத்தில் மந்திரியானமையால் கக்கன் ஒருவர் பெயர் நிற்கிறது. மற்றவர் பெயரை மதுரைக்காரரும் தேடித்தான் சொல்லவேண்டும். ஐயருக்கு நேரக்கூடியது பகிஷ்காரம். ஊர் திரும்பிய பின் அவர்களுக்கு நேரக்கூடியது அடியும் தீயும். அதிக அபாயத்தை ஏற்றவர்க்கு அற்பப் புகழும், குறைந்த அபாயத்தை ஏற்றவர்க்கு அதிகப் புகழும் கிடைப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. ஐயர் மீது இது குறையன்று; அவர் கேட்டுப் பெற்ற புகழ் அன்று அது. நாம் பங்கிட்ட முறையில் குறை.

இந்தக் கணக்குப் பிரச்சினை தலைவர்களிடையேயே பெரிய விவாதமாக எழுந்ததுண்டு. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. பின்னர் அதுவே அரிஜன சேவக் சங்கம் என்று பெயர் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் லண்டனுக்குக் கப்பலிற் செல்லும் வழியிலிருந்து டாக்டர் அம்பேத்கர் அதன் காரியதரிசி தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதரைத் திருத்துவதிலும் பள்ளி, மருந்து, நூல் வழங்குவதிலும் பணத்தைச் செலவிட வேண்டாம். கிணறு, பள்ளிக்கூடம், பொதுவழி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் கிளர்ச்சிக்குச் செலவிடுங்கள் என்பது அதன் சாரம். பதில் வரவில்லை. சங்கத்தின் நிர்வாகத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு இடம் வேண்டுமென்ற கோரிக்கைக்குக் காந்தியடிகள் தந்த நியாயம், இது சாதி இந்துக்கள் தாங்கள் பட்ட கடனைத் தீர்க்கும் பிராயச்சித்தம். ஆகவே கடன்பட்டவர்களே நடத்தவேண்டும் என்பது. அழகிய வாதம்; ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கடனைத் தீர்ப்பவன் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி. எவ்வளவு கடன், எந்த நாணயத்தில், எப்பொழுது என்பதைக் கடன்பட்டவனே தீர்மானித்துக்கொள்ளுவானானால், கொடுத்தவனுக்கு அங்கே என்ன வேலை? மகாத்மாவின் சத்தியத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லாத போதிலும், இவ்விஷயத்தில் அம்பேத்கர் கட்சியே என் கட்சி.

அம்பேத்கர் உடன் நிற்பவர்களை வேண்டாமென்று தள்ளியவரும் அல்லர். 1927 மார்ச்சில் தீண்டப்படாதோர்க்கு விலக்கப்பட்டிருந்த மகாட் சௌதார் குளத்தில் நீர் அருந்தச் சென்றபோது, அந்நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் திப்நீஸ் அவர் பக்கம் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் கூடுவதற்குச் சாதி இந்துக்கள் நிலம் தர மறுத்தபொழுது, ஃபத்தேகான் என்னும் முஸ்லிம் தம் நிலத்தைத் தந்தார். அக்கூட்டத்தில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கங்காதர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பிராமணர். இம்மூவரும் மேடையின் நடுவிடத்தைக் கேட்கவில்லை. தலைமை எங்கே இருக்கிறதென்று அறிந்து, தங்களிடம் இருந்த பதவியையும் நிலத்தையும் பிறப்பையும் அத்தலைமையிடம் ஒப்படைத்தனர்.

நம் முன்னோர் பலர் கப்பலேறிய கீழத் தஞ்சையிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். பி. சீனிவாச ராவ் தென் கன்னடத்துக்காரர், பிராமணர், தமிழ் அவர் தாய்மொழியன்று. 1940களில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்ட அனுப்பப்பட்ட அவர் சேரியிலே உண்டு, சேரியிலே உறங்கி, அங்கேயே தமிழும் தேர்ந்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்குரிய தண்டனைகளாக வழங்கிய ஊர்களில், அவ்விரண்டும் ஒழிந்தமை அவர்கள் சேர்ந்து நடத்திய போராட்டத்தின் முதற்பலன். இன்று நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்து முதியவர்கள் அவரைப் பி.எஸ்.ஆர். என்று மூன்றெழுத்தாகச் சுருக்கிச் சொல்லும்போது குரலில் ஒரு பாத்தியதை தொனிக்கும். அவர் உபதேசியாக வந்து போனவர் அல்லர், கூடவே இருந்தவர் என்பதே அதற்குக் காரணம்.

நம் காலத்துக்கு வருவோம். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜனங்கள் நடமாடும் வீதியில், சங்கர் என்னும் தலித் மாணவர், வேறு சாதிப் பெண்ணை மணந்த குற்றத்திற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வெட்டுண்டு உயிர் பிழைத்த மனைவி கௌசல்யா நீதிமன்றத்தில் ஏறித் தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி கூறினார். 2017இல் கீழ் நீதிமன்றம் தந்தைக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தீர்ப்பு எவ்வாறாயினும், தான் பிறந்த வீட்டை எதிர்த்துக் கூண்டில் ஏறிய அப்பெண் செலுத்திய விலையை அளக்க என்னிடம் படி இல்லை. எல்லாரும் அவ்வளவு விலை கொடுக்க நேரிடாது. கலியாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் ஒரு வாய் வார்த்தை பேசுவதற்கே அஞ்சும் நாம், அதை எண்ணிப் பார்க்கவாவது செய்யலாம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இந்நாட்டு அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பிரஜைகளிடையே பேதம் பாராட்டுவதைத் தடுக்கிறது. சாதி என்று பெயர் சொல்லவில்லை; வம்சாவளி என்பதற்குள் சாதியும் அடங்கும் என்று ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் தன் கருத்தை வெளியிட்டது; அவ்வுடன்படிக்கையில் 2017 முதல் சிங்கப்பூரும் ஒரு தரப்பு. அமெரிக்காவில் சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லியே தடை செய்தது. தலித் அமைப்பினர் திரண்டு ஆதரித்த அத்தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய ஒரு மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதுமென்று ஆளுநர் தள்ளுபடி செய்தார். இவ்விவாதம் இங்கும் ஒருநாள் வரும். வரும்பொழுது வழக்கறிஞர்கள் பேசட்டும். தேர் எந்தத் தெருவில் வரும் என்று கேட்பவனை எந்தச் சட்டப் பிரிவின்கீழ் நிறுத்துவது என்பது எனக்குப் புலப்படவில்லை.

ஓர் ஆட்சேபம் எனக்கு எப்பொழுதும் வருவது. "நாமே இந்நாட்டில் சிறுபான்மை. சீனரும் மலாய்க்காரரும் பார்க்க நம் வீட்டு அழுக்கை வெளியே கொண்டுவந்து துவைக்க வேண்டுமா?" இது அற்பமான ஆட்சேபம் அன்று, மானமுள்ளவர் கேட்பது. ஆனால், வாடகை அறை விளம்பரங்களில் "இந்தியர் வேண்டாம்" என்று எழுதியிருப்பதைக் கண்டு நாம் கொதித்ததில்லையா? சமையல் வாசனை என்றும் சுத்தம் என்றும் அதற்குக் காரணம் கற்பித்தபோது, அது வெறும் சாக்கு என்று நமக்கு உடனே விளங்கவில்லையா? அவ்விளம்பரத்தால் புண்பட்டவரே, தம் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும்போது, வந்த தமிழ்ப் பையனிடம் குலதெய்வம் எது என்று கேட்கிறார். ஒரு புண்ணின் வலியை அறிந்தவர்க்கு மற்றொரு புண்ணின் வலி விளங்காதிருக்கக் காரணம் அறியாமை ஆகாது. மேலும், இவ்வழுக்கை வெளியே கொண்டுவந்தால் அவமானம் யாருக்கு? மறைத்தவனுக்கா, மறைக்கும்படி செய்தவனுக்கா?

மற்றொரு பக்கம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்பேச்சைக் கேட்டு உற்சாகமடைந்து, நாளைக் காலையில் உங்கள் நண்பர் ஒருவரிடம் போய், "நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும், நான் உங்கள் பக்கம்" என்று சொல்லிவிடாதீர்கள். தம்மை வெளிப்படுத்திக்கொள்ளுவதும் கொள்ளாதிருப்பதும் அவரவர் சுதந்திரம். நம் வேலை அவர்கள் இல்லாத இடத்தில்தான் அதிகம்: ஊர்ப்பெயர் தாங்கிய சங்கங்களின் செயற்குழுவில், கலியாணத் தரகரின் கேள்விப் பட்டியலில், விருந்து மேசையில் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி ஹாஸ்யம் செய்து, மற்றவர் சிரிக்கக் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தில்.

முடிக்குமுன், அறங்காவலர்களோடு நான் ஏற்கெனவே பேசி இசைவு பெற்ற ஒரு காரியத்தைச் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். சூளை, ரயில்வே, துறைமுகம், நகராட்சிக் குடியிருப்புகளில் வாழ்ந்த முதியோரின் நினைவுகளை, அவர்கள் விரும்பும் அளவுக்கு, விரும்பும் பெயரில், அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வதென்று முடிவாகியிருக்கிறது. எனக்கு அளிக்கப்படும் சன்மானம் அதன் முதற்செலவுக்குப் போகும். பதிவில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அம்மக்களுள் வெளிப்படையாக முன்வந்துள்ள மூவர் கொண்ட குழு தீர்மானிக்கும். அக்குழுவில் நான் இல்லை. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாளரையும் அவர்களே தேர்வார்கள். அவர் சாதியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்க்கலாகாது. குறுந்தொகையைப் பற்றியோ கணித சாஸ்திரத்தைப் பற்றியோ அவர் பேச விரும்பினாலும், இன்று இம்மண்டபத்தில் இடமின்றிப் பின்னால் நின்று கேட்டவர்கள் அத்தனை பேரும் அன்றும் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.